நான்காம் திருத்தமும் ஐந்தாம் திருத்தமும்: தொழில் வகைப்பாட்டில் எது நமக்குப் பொருந்தும்?

நிறுவனங்களை அவை செய்யும் தொழிலை வைத்துப் பிரித்து எண்ணும் ஐ.நா.வின் பொருளாதாரச் செயல்பாட்டு வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தை அடியொற்றியே இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடு 2008 அமைந்தது. ஐந்தாம் திருத்தத்துக்கு ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2023இல் ஒப்புதல் அளித்தது. முன்னதில் 21 பிரிவுகள், பின்னதில் 22.

எண்ணிக்கையைவிட எல்லைகள் நகர்ந்திருப்பதே முக்கியம், பெங்களூரில் இருந்து பார்ப்பவருக்கு அது நன்றாகவே விளங்கும். அல்சூரில் தமிழர் ஒருவர் நடத்தும் மெஸ் இரண்டு திருத்தங்களிலும் உணவுச் சேவைதான். ஆனால் அங்கே சமைத்த சாப்பாட்டுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் செயலிக்குப் பழையதில் தனி இடமில்லை, புதியதிலோ உணவுச் சேவைக்கான இடைநிலைப் பணி என்று தனி வகுப்பே உண்டு. ஸ்ரீராமபுரத்து பைக் ஒர்க்‌ஷாப் பழையதில் வணிகப் பிரிவில் இருந்தது. புதியதில் பழுதுபார்ப்போடு சேர்ந்து பிற சேவைகளுக்குப் போகிறது. அங்கே ஒரு ஸ்பேனர்கூட மாறாமலே, வணிகத்தின் மொத்த மதிப்புக் கூட்டல் (உற்பத்தி மதிப்பில் இடுபொருள் செலவு போக எஞ்சுவது) அந்த அளவுக்குக் குறைந்து காட்டும்.

தகவல், தொடர்பு என்ற ஒரே பிரிவு இப்போது இரண்டாகிறது: மென்பொருள் வெளியிடுவது பதிப்பு, ஒளிபரப்போடு நிற்க, வாடிக்கையாளருக்காக நிரல் எழுதுவது தொலைத்தொடர்போடு சேர்கிறது. இந்த நகரத்துக்கு இது மிகத் தேவையான பிரிப்பு என்பேன்.

சில்லறை விற்பனையில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. இணையவழி விற்பனைக்கு இருந்த தனி வகுப்பு நீங்கி, விற்கும் பொருளே அளவுகோலாகிவிட்டதால், இணைய வணிகத்தின் பங்கை நிறுவனத்தின் வகைப்பாட்டுக் குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து இனிப் பிரித்தெடுக்க முடியாது. அதற்குக் கணக்கெடுப்பில் தனிக் கேள்வி வேண்டும்.

புதியதை ஏற்பதே சரி, ஆனால் ஓரிரு ஆண்டுகளாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு குறியீடுகளையும் சேர்த்தே பதிய வேண்டும். இல்லையேல் பழைய காலத்தொடரை (ஆண்டுவாரியான புள்ளிவிவர வரிசையை) புதியதோடு இணைக்க ஊகமே மிஞ்சும்.