பின்பக்கச் சத்தம்: ஷாக் மாற்றுவதா, புஷ் மாற்றுவதா, முழு ஆர்மையே மாற்றுவதா?

வயதான காரின் பின்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் கைவைப்பது ஷாக் அப்சார்பரில்தான். புது ஜோடியை மாட்டுகிறார்கள். வண்டி முன்பைவிட அடக்கமாக ஓடுகிறது, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேலை தீர்ந்த ஷாக், வண்டியை ஆட்டிவைக்குமே தவிரப் பெரும்பாலும் தட்டாது. உலோகமும் உலோகமும் மோதாமல் இடையில் இருந்து காக்கும் ரப்பர் பாகங்கள் ஓய்ந்துபோனால்தான் சத்தம் எழுகிறது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் உலோகக் கையான ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் புஷ், ஷாக்கின் மேல் முனையை வண்டியோடு பிணைக்கும் மேல் மவுண்ட், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், லிங்க் ராடின் மூட்டு ஆகியவையே வழக்கமான சந்தேக நபர்கள்.

எந்தப் பாகத்தை வாங்குவது என்று ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிக்கியை முழுவதும் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப் பை, பின் இருக்கைக்கு மேலுள்ள தட்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பின் இருக்கையின் பூட்டு தளர்ந்திருந்தாலும் சஸ்பென்ஷன் தட்டுவதைப் போலவே கேட்கும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்தாலும் அப்படித்தான். வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டால், இடமா வலமா என்பதாவது தெளிவாகும்.

அடுத்து, சத்தத்தின் குணம். சிறு குழிகளில் மந்தமாக 'தொப்' என்று வந்தால் மேல் மவுண்டையோ புஷ்ஷையோ பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது 'லடலட' என்று ஆடினால், திருப்பங்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட். பிரேக் பிடிக்கும்போதோ, ரிவர்ஸில் இருந்து முன்னோக்கி நகரும்போதோ ஒரே ஒரு தட்டு கேட்டால், சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீளும் ட்ரெயிலிங் ஆர்மின் முன் புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மெதுவாகப் போகையில் கதவுக் கீல் போலக் கிறீச்சிடுவது காய்ந்த ரப்பர். வேகத்தோடு கூடும் முனகல் சஸ்பென்ஷனைச் சேர்ந்ததே இல்லை. அது வீல் பேரிங்காகவோ, மேடு பள்ளமாகத் தேய்ந்த டயராகவோ இருக்கும். ஆள் இல்லாத இடத்தில் நடைவேகத்தில் ஓட்டியபடி கைப்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பின் பிரேக்கின் ஷூவோ பேடோ தளர்ந்து ஆடுகிறது என்று பொருள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஷாக்கா, புஷ்ஷா?

காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று பார்ப்பதை நம்பித்தான் பலர் ஷாக் வாங்குகிறார்கள். முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அதைவிட நல்ல சாட்சிகள் இருக்கின்றன: ஷாக்கின் உடலில் வழிந்து தூசி அப்பிய எண்ணெய்த் தடம், டயரின் பரப்பில் கைவைத்துத் தடவினால் அலை அலையாகத் தட்டுப்படும் தேய்மானம், நெடுஞ்சாலையில் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் ஓயாத ஆட்டம். மெல்லிய ஈரப்பதம் மட்டும் தெரிந்தால் அது குறையாகாது. மேற்சொன்னவை இருந்தால் ஷாக்கை மாற்றுங்கள், அதே அச்சின் இரு பக்கத்திலும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் கூடவே புதிதாகப் போடுங்கள். பழைய மவுண்டில் புது ஷாக்கை மாட்டினால் தட்டல் அப்படியே தொடரும். மேல் நட்டைக் கழற்றும்போதும் இறுக்கும்போதும் ஷாக்கின் பளபளக்கும் தண்டைக் குறடால் பிடித்துவிடாதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் எண்ணெய் சீலை அறுத்துவிடும்.

அந்தச் சாட்சிகள் எதுவும் இல்லையென்றால் என் ஓட்டு புஷ்ஷுக்குத்தான். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. சோப்புத் தண்ணீரை ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷின் மீது தெளித்துவிட்டு வண்டியை ஆட்டிப் பாருங்கள். கிறீச் அடங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. எஞ்சின் ஆயிலையோ கிரீஸையோ தடவ வேண்டாம்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி நைந்துபோகும்.

தட்டலுக்கு டார்ச் வெளிச்சம் வேண்டும். வண்டியின் பாரம் சக்கரங்களின் மேலேயே இருக்கும்படி, குழியிலோ சக்கரத்தைத் தாங்கும் லிஃப்ட்டிலோ நிறுத்திப் பார்ப்பது நல்லது. ஜாக்கியில் தூக்கினால் ஆர்ம் கீழே தொங்கும், கிழிசல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். நல்ல புஷ்ஷில் நடுவிலுள்ள உலோகக் குழல் அதற்குரிய இடத்திலேயே நிற்கும். கிழிந்ததில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெளி வளையத்தின் உட்புறத்தில் பிறை வடிவில் ஓரிடம் மட்டும் துருவே இல்லாமல் மின்னும். போல்ட்டின் வாஷரைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். அந்தப் பிறையைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது என்பதை மறக்காதீர்கள். பின்பக்கம் மேலே எழுந்ததும் அந்தப் பிடி போய்விடும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே கீழே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

ரப்பரா, பாலியூரித்தேனா?

பாலியூரித்தேன் என்னும் விறைப்பான செயற்கைப் பொருளில் செய்த புஷ் நீண்ட நாள் உழைக்கும், எண்ணெய்க்கு அசையாது, பல வடிவங்களில் அழுத்திப் பொருத்தும் பிரஸ் இல்லாமல் கையாலேயே பொருத்திவிடலாம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் சத்தம் போகவேண்டும் என்பதற்காக இந்த வேலையில் இறங்கியவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ரப்பர் புஷ்ஷில் ரப்பர் குழலோடு ஒட்டியிருக்கிறது. ஆர்ம் அசையும்போது ரப்பரே முறுகி இடங்கொடுக்கிறது, உரசல் இல்லை. பாலியூரித்தேனிலோ பெரும்பாலும் குழல் உள்ளே வழுக்கிச் சுழல்கிறது. அதற்கென்று தரும் கிரீஸ் காய்ந்ததும் கிறீச் திரும்பி வரும். சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும்.

இரு பின் சக்கரங்களையும் முறுகக்கூடிய ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் ட்விஸ்ட் பீம் வகைப் பின் அச்சில் விஷயம் இன்னும் நுட்பமானது. அதன் புஷ் ஒரு திசையில் இளகியும் மறு திசையில் விறைத்தும் இருக்கும்படி, ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டு வார்க்கப்பட்டிருக்கும். பல புஷ்களில் அதற்காகவே அம்புக்குறி இருக்கும். திசை மாற்றி அழுத்தினால் புதுப் பாகத்தோடும் சத்தம் வரும், வண்டியின் நடையும் கெடும். எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடைய பாலியூரித்தேன் இந்த வேலையைச் செய்யாது. ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனி ஆர்ம்கள் பிடிக்கும் மல்டி லிங்க்கில், ஒரே அச்சில் மட்டும் சுழலும் பக்கவாட்டு ஆர்ம்களுக்கு அதைப் போடுவதில் தவறில்லை.

ரப்பருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. புது ரப்பர் புஷ் சீக்கிரமே கிழிந்தால், பல நேரம் குற்றம் பாகத்தில் இருக்காது, இறுக்கிய விதத்தில் இருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், குழல் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி தரையிறங்கியதுமே ரப்பர் முறுகிவிடும், ஓடாமல் நிற்கும்போதுகூட. ஒவ்வொரு குழியும் அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கு. ஆகவே கழற்றும் முன்பே, சமதளத்தில், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துவையுங்கள். எல்லாவற்றையும் பொருத்திய பின், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, அப்போது குறித்த விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் வாய் கூசாமல் இதைக் கேட்டுச் சொல்லிவிட வேண்டும். நல்ல கைக்காரர் இதனால் வருத்தப்பட மாட்டார்.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

இதில் துருதான் தீர்ப்புச் சொல்லும். ஆர்ம் கெட்டியாக இருந்து, தயாரிப்பாளரின் புஷ்ஷும் தனியாகக் கிடைத்தால், பிரஸ்ஸில் வைத்து அதை மட்டும் மாற்றுவதையே விரும்புவேன். மலிவான முழு ஆர்மோடு வரும் ரப்பர் பெரும்பாலும் மட்டமானது. ஆர்ம் துருவில் மெலிந்திருந்தாலோ, ஆர்மோடு சேர்ந்த பால் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தாலோ, புஷ் தனியாக விற்கப்படாவிட்டாலோ முழு ஆர்ம்தான் வழி. ட்விஸ்ட் பீமில் இந்தக் கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை. அங்கே புஷ் மட்டும்தான்.

எந்த வழியானாலும் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய போல்ட் குழலுக்குள் துருவேறி ஒட்டிக்கொண்டு, அறுத்தெடுக்க நேர்வது சாதாரணம். மல்டி லிங்க்கில் கோணம் திருத்தும் கேம் போல்ட் இருந்தால், அசைக்கும் முன் அதன் நிலையைக் கோடு போட்டுக் குறியுங்கள். அப்படிக் குறித்தாலும் முடிவில் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் பாகங்களைப் பற்றி ஒரு சொல். ஆர்ம், சக்கரத்தின் பேரிங்கைத் தாங்கும் நக்கிள் போன்ற வெறும் இரும்பை வளைவும் துருவும் இல்லையென்று பார்த்து வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும் வாங்காதீர்கள், அது ஓடாமல் கிடந்தாலும் காற்றிலும் வெப்பத்திலும் முதிர்ந்துபோயிருக்கும்.