"1990 முதல் பதிப்பு" மெகாடெத் சிடியா? பின்னட்டையைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய மெட்டல் சிடி தேடி வாங்குகிற நண்பர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு ₹4,800 போச்சு.

போன மாதம் ஒரு விற்பனைக் குழுவில் அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெகாடெத்தின் 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பம், 1990இல் வந்த முதல் பதிப்பு என்று ஒருவர் போட்டிருந்தார். படத்தில் முன்னட்டை மட்டும்தான், டப்பாவின் இடது மூலையில் சின்ன விரிசல். அந்த விரிசலைப் பார்த்தே அசல் பழசு என்று நம்பினேன், அவ்வளவு புத்திசாலி நான். ஜிபேயில் முழுப் பணத்தையும் போட்டுவிட்டு, பத்து நாள் "நாளைக்கு கூரியர் போட்டுடறேன் ப்ரோ" கேட்டு, ஒருவழியாகப் பொட்டலம் வந்தது. டப்பாவில் விரிசலே இல்லை. திருப்பினால் 13 பாட்டு.

1990 ஆல்பத்தில் 9 பாட்டுதான். 13 இருந்தால் அது 2004 மறுபதிப்பு. முன்னட்டை ஓவியத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதிலென்ன பெரிய வித்தியாசம் என்று வீட்டில் கேட்டார்கள். மெட்டாலிகா என்ற இன்னொரு மெட்டல் குழுவிலிருந்து 1983இல் துரத்தப்பட்ட கோபத்தில், பாடகரும் கிதார்காரருமான டேவ் மஸ்டெய்ன் தொடங்கிய குழு இது. அவரும் பாஸ் கிதார் வாசித்த எல்லெஃப்சனும் கிதார் வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மனும் டிரம்ஸ் வாசித்த நிக் மென்சாவும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம்தான் 'ரஸ்ட் இன் பீஸ்'. 2002 தொடக்கத்தில் மஸ்டெய்ன் நாற்காலி முதுகில் இடது கையைப் போட்டபடி தூங்கிப்போய், நரம்பு நசுங்கி, கிதார் வாசிக்க முடியாமல் ஏப்ரலில் குழுவையே கலைத்தார். கை தேறி 2004இல் மெகாடெத் திரும்பி வந்தபோது பழைய ஆட்கள் இல்லை. மென்சாவை ஒத்திகைக்குக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லெஃப்சன் மஸ்டெய்ன் மேல் வழக்குப் போட்டு, அது தள்ளுபடியாகி, 2010இல் வந்து சேர்ந்து, 2021இல் மறுபடி வெளியே போனார் (அது தனிக்கதை).

அந்த 2004இல்தான் பழைய ஆல்பங்களைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். குரல் பதிவான மூல நாடா சில கிடைக்கவில்லையாம், அதனால் சில பாட்டுகளை மஸ்டெய்ன் மறுபடி பாடிச் சேர்த்தார். 28 வயதில் கத்திய இடத்தில் நாற்பதைத் தாண்டியவர் பாடுகிறார்! பெரியப்பா மகனின் கேசட்டில் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த எனக்கு அது காதில் இடறிக்கொண்டே இருக்கிறது.

விற்றவரிடம் கேட்டேன். "பாட்டு அதேதானே ப்ரோ, நாலு பாட்டு எக்ஸ்ட்ரா வேற இருக்கு" என்றார். அப்புறம் பிளாக். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

வாங்குவதற்கு முன் பின்னட்டையையும் சிடியின் மேல் அச்சையும், அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்கு சொன்னால் விட்டுவிடுங்கள். நேற்று ராத்திரி வேறொரு பெயரில் அதே படம் மறுபடி வந்திருக்கிறது, இடது மூலையில் அதே விரிசலோடு. இப்போது ₹5,500.