அலாஸ்காவின் ஒரே இருக்கை: பெல்டோலாவும் பெகிச்சும்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலாஸ்கா மாநிலத்துக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பும், 2020 கணக்கெடுப்பின்படி 7,33,391 மக்களும் கொண்ட அந்த மாநிலம் முழுவதுமே ஒரு தொகுதி. 1973 முதல் 2022 மார்ச்சில் இறக்கும்வரை அந்த இடத்தில் அமர்ந்திருந்தவர் குடியரசுக் கட்சியின் டான் யங். அவருக்குப் பின் 2022இலும் 2024இலும், இடைத்தேர்தலையும் சேர்த்து, நடந்த மூன்று தேர்தல்களிலும் களத்தில் இருந்த இருவர், ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலாவும் குடியரசுக் கட்சியின் நிக் பெகிச்சும். 2024இல் இறுதிப் போட்டி இவர்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் அது இரு கட்சிகளின் வழக்கமான மோதல். உள்ளே போய்ப் பார்த்தால், இயற்கை வளம் என்று எதை முதலில் எண்ணுவது என்ற கேள்வியில்தான் இருவரும் பிரிந்து நின்றார்கள் என்பது என் கணிப்பு.

எண்ணெயில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. புரூடோ விரிகுடாவிலிருந்து வால்டீஸ் துறைமுகம்வரை 1,290 கிலோமீட்டர் நீளும் குழாய் 1977இல் இயங்கத் தொடங்கியது. 1988இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய் ஓடிய அதில் இப்போது ஓடுவது அதன் கால் பங்கு அளவுதான். மாநில அளவில் வருமான வரியோ விற்பனை வரியோ இல்லாத அலாஸ்காவில், எண்ணெய் வருவாயால் உருவான நிரந்தர நிதியிலிருந்து குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை வருகிறது. 2022இல் அது 3,284 டாலர். இப்படிப்பட்ட இடத்தில் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி யாரும் வென்றுவிட முடியாது. பெல்டோலா அப்படிச் சொல்லவும் இல்லை. நாளொன்றுக்கு உச்சமாக 1.8 லட்சம் பீப்பாய் தரும் என்று எதிர்பார்க்கப்படும் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்காக, தம் கட்சியின் சூழலியல் அணி கடுமையாக எதிர்த்தபோதும், மாநிலத்தின் இரு குடியரசுக் கட்சி செனட்டர்களோடு சேர்ந்து அப்போதைய அதிபர் பைடனிடம் நேரில் வாதாடினார். 2023 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.

மீன் என்று வரும்போதுதான் அவருடைய குரல் தனித்து ஒலித்தது. பெல்டோலா யூப்பிக் பழங்குடியைச் சேர்ந்தவர். சாலைத் தொடர்பே இல்லாத பெத்தெல் நகரிலும், குஸ்கோக்விம் ஆற்றையொட்டிய சிற்றூர்களிலும் வளர்ந்தவர். அந்தக் கரைகளில் கோடை என்றால் சால்மன் மீன் என்று பொருள். பிறை வடிவிலான ஊலு கத்தியால் மீனைப் பிளந்து, வால் ஒட்டியிருக்கும்படியே இரு பக்கமும் தொங்கும் வகையில் கழிகளின் மேல் போட்டுக் காற்றில் உலர்த்தி, பிறகு புகைக்குடிலில் பல நாள் வைத்து எடுப்பார்கள். குளிர்காலம் முழுவதற்குமான சாப்பாடு அது. அந்தக் கழிகள் இப்போது வெறுமையாக நிற்கின்றன. குஸ்கோக்விமில் பிடிப்புக்குக் கடும் கட்டுப்பாடு. யூக்கான் ஆற்றில் சினூக் சால்மன் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்க அலாஸ்காவும் கனடாவும் 2024 ஏப்ரலில் உடன்பட்டன. கடல் மேலே பெரிய இழுவைப்படகுகள் தொழில் செய்துகொண்டிருக்க, ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு மட்டும் வலை போடத் தடை என்பதே மக்களின் மனக்குறை. 2021இல் பேரிங் கடலில் போலக் மீன் பிடிக்கும் படகுகளின் வலையில் தற்செயலாகச் சிக்கிய ‘சம்’ வகைச் சால்மன்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி ஆசியக் குஞ்சுப் பொரிப்பகங்களிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுவதையும், கடல் வெப்பமடைவதை அறிவியலாளர்கள் முதன்மைக் காரணமாகக் கருதுவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் இந்தக் குறையை வாஷிங்டனில் ஒரு வாக்குறுதியாக வைத்தவர் பெல்டோலா. ‘மீன், குடும்பம், சுதந்திரம்’ என்பது அவருடைய தேர்தல் முழக்கம். அதில் மீன் முதலில் வந்தது தற்செயல் அல்ல. குஸ்கோக்விம் பழங்குடிகளின் மீன்வள ஆணையத்தை நடத்தியவர் அவர்.

பெகிச்சின் வாதம் வேறு தளத்தில் நின்றது. அலாஸ்கா நிலத்தில் சுமார் 60 விழுக்காடு கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. எங்கே தோண்டலாம், எங்கே சாலை போடலாம் என்பதை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாஷிங்டனில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள் என்ற எரிச்சல் அந்த மாநிலத்தில் பழையது, நியாயமானதும்கூட. தொழில்முனைவரான பெகிச், ஓர் அனுமதி கிடைத்ததைக் கொண்டாடுவதைவிட அனுமதி மறுக்கும் ஆட்சியையே மாற்றுவதுதான் வழி என்றார். கனிமச் சுரங்கப் பகுதிக்குப் போகத் திட்டமிட்ட அம்ப்ளர் சாலையை பைடன் அரசு 2024இல் நிராகரித்தது இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

குடும்ப வரலாற்றில் பெகிச்சின் கதை வியப்பானது. அவருடைய தாத்தா நிக் பெகிச் இதே இடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர். 1972 அக்டோபர் 16 அன்று மாநிலத்தின் பெருநகரான ஆங்கரேஜிலிருந்து தலைநகர் ஜூனோவுக்குப் புறப்பட்ட அவருடைய விமானம் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. காணாமல் போன நிலையிலேயே அடுத்த மாதத் தேர்தலில் டான் யங்கை அவர் தோற்கடித்தார். அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்ட பின் நடந்த இடைத்தேர்தலில்தான் யங் முதன்முதலாக வென்றார். தாத்தாவின் கட்சியில் சேராத பேரன், 2020இல் யங்கின் பிரச்சாரத்துக்கே இணைத்தலைவராக இருந்தார். பெல்டோலாவின் தந்தையோ ஒரு விமானி, யங்கின் நண்பர். பெல்டோலாவின் கணவர் 2023 செப்டம்பரில் சிறு விமான விபத்தில் இறந்தார். சாலைகள் போகாத ஊர்களை விமானங்களே இணைக்கும் மாநிலத்தில், இந்த இரு குடும்பங்களும் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

இனி வாக்குக் கணக்கு. அலாஸ்காவில் 2022 முதல், கட்சி வேறுபாடின்றி ஒரே முதற்கட்டத் தேர்தல். அதில் முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்குப் போவார்கள். அங்கே வாக்காளர் 1, 2, 3 என விருப்ப வரிசை எழுதுவார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். 2022 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் முதல் விருப்பங்களில் பெல்டோலா 40 விழுக்காடு, குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின் 31, பெகிச் 28.5. நீக்கப்பட்டவர் பெகிச். அவரை ஆதரித்தவர்களில் பாதிப்பேர்தான் பேலினை அடுத்து எழுதியிருந்தார்கள். 29 விழுக்காட்டினர் பெல்டோலாவை எழுதினார்கள். மீதிப்பேர் யாரையும் எழுதவில்லை. பெல்டோலா 51.5 விழுக்காட்டில் வென்றார். அதே வாக்குச்சீட்டுகளை ஒருவருக்கு ஒருவர் என எண்ணிப் பார்த்தால், பேலினையும் பெல்டோலாவையும் தனித்தனியே தோற்கடித்திருக்கக்கூடியவர் மூன்றாமிடத்தில் நின்ற பெகிச்சே.

2024இல் அவருக்கு அந்த நேர்மோதல் வாய்த்தது. முதற்கட்டத்தில் மூன்றாமிடம் வந்த குடியரசுக் கட்சியின் நான்சி டால்ஸ்ட்ரோம், டிரம்பின் ஆதரவு தமக்கு இருந்தும், விலகிக்கொண்டார். நவம்பரில் முதல் விருப்பங்களில் பெகிச் 48.4, பெல்டோலா 46.4; இறுதிச் சுற்றில் 51.2க்கு 48.8. அதே நாளில் டிரம்ப் அந்த மாநிலத்தில் 13 புள்ளி முன்னிலையில் வென்றார் என்பதையும், கமலா ஹாரிஸ் பெற்றது 41 விழுக்காடு மட்டுமே என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்சியின் செல்வாக்கைவிடப் பெல்டோலாவின் செல்வாக்கு பெரிது என்பது தெரியும். ஹாரிஸுக்கு ஆதரவு அறிவிக்க மறுத்ததும், யங்கின் ஊழியர்கள் சிலரைத் தம் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டதும் அதற்கு உதவின. ஆனால் அவரை எவ்வளவு பிடித்திருந்தாலும், அவருக்குப் போடும் வாக்கு சபையின் தலைமையை எந்தக் கட்சிக்குத் தரும் என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. பெகிச் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டார், வென்றார்.

எண்ணெய் அனுமதியே முதன்மை என்று நினைக்கும் ஆங்கரேஜ் வாக்காளருக்கு பெகிச் பொருத்தமான தேர்வாக இருந்தார் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆற்றங்கரையில் வாழும் குடும்பத்துக்குப் பெல்டோலாவின் இழப்பு வெறும் கட்சித் தோல்வி அல்ல. அவர்களுடைய மீனைத் தன் வீட்டுச் சாப்பாடாகத் தெரிந்து பேசிய ஒருவர் அந்தச் சபையில் இல்லாமல் போனார். அதே நவம்பரில், விருப்ப வரிசை முறையை நீக்கும் முன்மொழிவும் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில், ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அது தோற்றது.