வேலை டோக்கியோவில், வீடு எங்கே? தாமா, நாகரேயாமா, கவாகுச்சி

டோக்கியோவில் வேலை, வீடு வெளியே என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ரயிலில் எத்தனை நிமிடம் என்பதைத்தான். தாமா, நாகரேயாமா, கவாகுச்சி என்ற இந்த மூன்று புறநகர் ஊருக்கும் அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. நாகரேயாமாவின் ஓதாகானோமோரி நிலையத்திலிருந்து அகிஹாபாராவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ 25 நிமிடம், கவாகுச்சியிலிருந்து டோக்கியோ நிலையத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே, தாமா சென்டரிலிருந்து ஷின்ஜுகுவுக்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூட. பயணச் செலவையும் பெரும்பாலும் கம்பெனியே கொடுத்துவிடும், மாதம் 1,50,000 யென் வரை அதற்கு வரியும் இல்லை. அதனால் நிமிடக் கணக்கை விடுங்கள். அந்த ஊருக்கு ஜனங்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். ஒரே வயதுக்காரர்கள் ஒரே சமயத்தில் குடியேறிய ஊருக்கு வயதாவதும் ஒரே சமயத்தில்தான்.

தாமா நியூ டவுன் இதற்கு நேரடி சாட்சி. 1965-இல் முடிவான திட்டம், நான்கு நகராட்சிகளில் பரவிய சுமார் 2,900 ஹெக்டேர் குன்றுப் பகுதி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு என்பது கணக்கு. 1971-இல் சுவா, நாகயாமா குடியிருப்புகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள், ரயில் வந்ததோ 1974-இல். இடைப்பட்ட காலத்தில் பஸ் பிடித்து செய்செகி-சாகுராகாஓகா நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தை வைத்திருந்த இளம் தம்பதிகள், அதனால் பள்ளிகள் நிரம்பி வழிந்தன, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதும் பல பள்ளிகள் மூடப்பட்டன. வீடுகள் ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை. முப்பது வயதில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் எண்பது வயதிலும் அதே படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தாமாவை ஒரேயடியாக ஒதுக்கிவிட மாட்டேன். நடப்பவர்களுக்கு ஒரு தளம், கார்களுக்கு வேறு தளம் என்று பிரித்துக் கட்டியதால், பல இடங்களில் குழந்தை ஒரு சாலையையும் குறுக்கே கடக்காமல் பாலங்கள் வழியாகவே பள்ளிக்கும் பூங்காவுக்கும் போய்விடலாம். சுவாவில் 640 வீட்டுக்காரர்கள் சேர்ந்து பழைய கட்டடங்களை இடித்து, 2013-இல் அதே இடத்தில் 1,249 வீடுகளாகக் கட்டிமுடித்தார்கள். கூடுதல் வீடுகளை விற்ற பணம்தான் கட்டுமானச் செலவைச் சுமந்தது, வாங்கி வந்தவர்களில் இளம் குடும்பங்கள் நிறைய. எல்லாக் குடியிருப்பிலும் இது நடக்காது, நிலத்துக்கு விலை இருக்கிற இடத்தில்தான் கட்டுப்படியாகும்.

நாகரேயாமா வேறு கதை. எதோகாவா என்ற ஆற்றின் கரையில் மிரின் என்ற இனிப்பான சமையல் மதுவைக் காய்ச்சிப் படகில் ஏற்றிப் பிழைத்த பழைய ஊர். ஷோகுன் ஆட்சிக்காகப் போரிட்ட ஷின்செங்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவர் கொந்தோ இசாமி 1868-இல் பிடிபட்டதும் இங்கேதான். 1896-இல் வந்த ஜோபான் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போய்விட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டு 1916-இல் 5.7 கிலோமீட்டருக்கு ஒரு குட்டி ரயிலே விட்டார்கள், அது இன்றும் ஓடுகிறது. ஆனால் ஊரைப் புரட்டிப்போட்டது 2005-இல் திறந்த த்சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற ரயில் பாதை. அப்புறம் நகராட்சி செய்த காரியம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு இடம், காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ரயிலேறலாம், பஸ் ஒன்று அவர்களை ஊரெங்கும் உள்ள காப்பகங்களுக்குக் கொண்டுபோய் மாலையில் திருப்பிக் கொண்டுவரும். கட்டணம் நாளுக்கு 100 யென். வேலைக்குப் போகிற தாய்மார்களைக் குறிவைத்து விளம்பரமும் செய்தார்கள், சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. எனக்கு உறுத்துவதும் அதுதான். இன்று ஓதாகானோமோரியில் பள்ளிகள் பிதுங்குவதைப் பார்த்தால் 1970-களின் தாமா நினைவுக்கு வருகிறது.

கவாகுச்சியில் அழகைத் தேடாதீர்கள். அராகாவா ஆற்றைத் தாண்டினால் டோக்கியோ, இந்தப் பக்கம் வார்ப்பிரும்புப் பட்டறைகளின் ஊர். 1964 ஒலிம்பிக் தீபம் எரிந்த கொப்பரை இங்கே வார்த்தது. உண்மையில் 1958 ஆசிய விளையாட்டுக்காகத்தான் வார்ப்புக் கலைஞர் சுசுகி மன்னோசுகே அதைச் செய்ய இறங்கினார்; வார்க்கும்போது முதல் முயற்சி கெட்டுப்போய், அந்த அதிர்ச்சியில் சில நாட்களில் அவர் இறந்துபோக, மகன் புங்கோதான் முடித்துக் கொடுத்தார். பட்டறைகள் மூடிய இடங்களில் அடுக்குமாடிகள் எழும்பின. பிஸ்டன் ரிங் ஆலை இருந்த மனையில் 1998-இல் எழுந்தது 55 மாடி எல்சா டவர். ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலின் பெட்டிகள் செய்த ஆலை மனையில் 1978-இல் ஷிபாசோனோ குடியிருப்பு வந்தது, சுமார் 2,500 வீடுகள். அங்கே இப்போது பாதிக்கு மேல் வெளிநாட்டவர், அதிலும் சீனர்கள்தான் அதிகம். குப்பை, சத்தம் என்று சண்டை வராமல் இல்லை. துருக்கியிலிருந்து வந்த குர்து மக்களை வைத்து அரசியலும் சூடாக நடக்கிறது. இருந்தும் ஒவ்வொரு பத்தாண்டிலும் வேறு வேறு வயதில், வேறு வேறு காரணத்துக்காக ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால், தாமாவைப் போல ஊர் முழுக்க ஒன்றாக முதுமை வருவதற்கு வாய்ப்பு குறைவு.

என் ஓட்டு கவாகுச்சிக்கு. பிள்ளைக்கு இரண்டு மூன்று வயது, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் நாகரேயாமா, அதுவும் முதலில் வாடகைக்கு. கவாகுச்சியில் வாங்குவதானால் நகராட்சியின் வெள்ள அபாய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொலைதூர ரயில்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு கவாகுச்சியில் நிற்கும் கேய்ஹின்-தோஹோகு பாதை ரயிலில் நசுங்கவும் தயாராக இருங்கள்.