எதிர்ப்பொருளா, டி செல்லா? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

2021 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா ஒரு பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கலங்கிப்போயிருந்தார். இரத்தத்தில் கிருமியைப் பற்றி முடக்கும் புரதமான எதிர்ப்பொருளின் அளவு இறங்கிவிட்டதாம். கொரோனா வைரஸின் புதிய வகையான ஓமிக்ரான் வேறு பரவிக்கொண்டிருந்தது. அந்தத் தாளில் இருப்பது பாதிக் கணக்குதான், மீதி டி செல் என்னும் வெள்ளையணுவிடம் இருக்கிறது என்றேன்.

எதிர்ப்பொருளும், டி செல் கிருமியை அடையாளம் காணும் கொக்கியான அதன் ஏற்பியும் ஒரே பட்டறைச் சரக்கு; இரண்டும் மரபணுத் துண்டுகளைக் கோத்துச் செய்யப்படுபவை. எதிர்ப்பொருளின் பெரிய பாகமான கனச்சங்கிலிக்கு மூன்று வகை மரபணுத் துண்டுகள்: ஏறத்தாழ 40, 23, 6. வகைக்கு ஒன்றாகக் கோத்தாலே ஐயாயிரத்துக்கு மேல் சேர்க்கைகள். இணைப்பில் மரபணு எழுத்துகள் கூடிக் குறையும்போது எண்ணிக்கை கோடிகளைத் தாண்டும். இதைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேற்றுமை அதன் பிறகுதான். கிருமியைக் கண்டபின்னும், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல் தன் எதிர்ப்பொருளைத் திருத்திக்கொண்டே போகும். டி செல் தன் ஏற்பியை மாற்றாது. கூர்மையில் எதிர்ப்பொருளே முந்தும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாநிலத்தைச் சேர்ந்த, ஆய்வில் கேப்256 என்று குறிக்கப்படும் பெண்ணின் உடலில் பலவகை எச்ஐவி வைரஸ்களை முடக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. அவற்றின் முன்னோடிக்கே, துண்டுகள் கோத்த விதத்தால், வைரஸைப் பற்றும், 35 அமினோ அமிலம் (புரதத்தின் கண்ணி) நீளமுள்ள கை அமைந்திருந்தது. வழக்கமாக அது 15 அளவில்தான் இருக்கும். வைரஸின் சர்க்கரைப் போர்வையைத் துளைக்க அந்த நீளம் வேண்டியிருந்தது. மற்றதைப் பிந்தைய திருத்தங்கள் செய்தன. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் எதிர்ப்பொருள் பார்ப்பது வெளித்தோற்றத்தை. சட்டையை மாற்றினால் வைரஸ் தப்பிவிடும். டி செல்லோ செல்லுக்குள் நறுக்கப்பட்ட புரதத் துண்டுகளைப் பார்க்கிறது. எந்தத் துண்டு காட்டப்படும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரிடம் தப்பும் வைரஸ் அடுத்தவரிடம் அகப்படும். டர்பன் ஆய்வகத்தில், ஃபைசர் தடுப்பூசி போட்டவர்களின் எதிர்ப்பொருள் ஓமிக்ரானை முடக்கும் திறன் 22 மடங்கு சரிந்தது. கேப் டவுன் ஆய்வாளர்கள் பார்த்த டி செல்களிலோ 70 முதல் 80 விழுக்காடு திறன் நிலைத்தது.

தொற்றே வராமல் வாசலில் தடுக்க எதிர்ப்பொருள். நோய் முற்றாமல் காக்க டி செல் என்பதே என் தீர்ப்பு. செல்லுக்குள் ஒளியும் காசநோய்க் கிருமியிடம் டி செல்தான் முதன்மைக் காவல். அந்த டி செல்லை எச்ஐவி அழிப்பதால்தான் குவாசுலு-நட்டாலில் இரண்டு நோயும் கைகோத்து இத்தனை உயிர்களைக் கொண்டுபோயின.

“டி செல்லுக்கு இப்படியொரு தாள் கிடையாதா?” என்றார் பெரியம்மா. உயிருள்ள செல்களைப் பிரித்து, வைரஸ் துண்டுகளைக் காட்டி, மணிக்கணக்கில் காத்திருந்து அளக்க வேண்டும். தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் அது நடப்பதில்லை.