கேழ்வரகுக் கஞ்சியும் காலி டப்பாக்களும்: சுகரோடு நான்கு வருஷம்

2021இல் சும்மா எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் அளவு) 8.2 என்று வந்தது. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். "அரிசியைக் குறைங்க" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மீதியை வீட்டுக் குளுக்கோமீட்டர்தான் சொல்லிக்கொடுத்தது.

முதலில் ஏமாற்றியது கேழ்வரகுக் கஞ்சி. சுகருக்கு நல்லது என்று ஊரே சொன்னதால் ஆறு மாதம் தினமும் ஒரு பெரிய டம்ளர் குடித்தேன். ஒருநாள் சந்தேகம் வந்து, குடித்த இரண்டு மணி நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்தால் 236! மூன்று இட்லிக்குக்கூட எனக்கு 190 தாண்டியதில்லை. கேழ்வரகைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தத் தானியமானாலும் நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, நீர்க்கக் குடித்தால் மாவுச்சத்து மளமளவென்று ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இப்போது அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு ஒரே ஒரு அடை, கூடவே ஒரு முட்டை.

மதியம் சோற்றை விடவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். முதலில் பொரியலும் சுண்டலும், அப்புறம் இரண்டு கரண்டி சோறு. சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிட நடை. இதில் மட்டும் எனக்கு முப்பது, நாற்பது புள்ளி குறைகிறது.

பொடிகளுக்கு வருவோம். ஊறவைத்த வெந்தயம் இன்னும் தொடர்கிறது, சுகரைவிட மலச்சிக்கலுக்குத்தான் அதிகம் உதவியது. குரோமியம் மாத்திரை மூன்று மாதம், எந்த மாற்றமும் இல்லை. பட்டைப் பொடியை நானே நிறுத்தினேன். கடையில் கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை, அதிலுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகமானால் கல்லீரலுக்கு ஆகாது. சிறுகுறிஞ்சான் வேடிக்கையானது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பது போல இருக்கும். ஆனால் சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடும் என் மைத்துனர் டாக்டரிடம் கேட்காமல் அதன் பொடியையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்துவிட்டார். மீட்டரில் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

உண்மையில் எனக்குத் தேவைப்பட்ட சத்து மாத்திரையை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. மூன்றாம் வருஷம் பாதங்களில் எறும்பு ஊர்வது போல மதமதப்பு. சுகர் நரம்பைத் தொட்டுவிட்டது என்று பயந்தேன். சோதித்தால் பி12 வெறும் 148. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு பி12-ஐ உறிஞ்சுவது குறையுமாம். நானோ முட்டை தவிர அசைவம் தொடாதவன். டாக்டர் சொன்னபடி முதலில் ஊசி, பிறகு மாத்திரை. நாலைந்து மாதத்தில் எறும்புகள் போய்விட்டன. மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் வருஷம் ஒருமுறை பி12 பார்த்துக்கொள்வது நல்லது.

போன மாதம் எச்பிஏ1சி 6.7. பொடி டப்பாக்களில் இப்போது மனைவி கடுகும் சீரகமும் போட்டு வைத்திருக்கிறார்.