சிமென்டிங் கணக்குக்கு எக்செல் தாள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டது

எண்ணெய்க் கிணற்றில் கேசிங் (துளைக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) இறக்கிய பிறகு, அதற்கும் துளைச் சுவருக்கும் இடையே நிரப்ப எவ்வளவு ஸ்லரி (சிமென்ட் குழம்பு), எவ்வளவு தண்ணீர், அதைப் பின்னாலிருந்து தள்ள எவ்வளவு மட் (துளையிடும்போது பயன்படும் சேற்றுத் திரவம்) என்று பார்க்கப் பல வருடங்களாக ஒரே எக்செல் தாளைத்தான் பயன்படுத்துகிறேன். அழுத்தக் கணிப்புக்கு மென்பொருள் வேண்டும்தான். ஆனால் கன அளவு விஷயத்தில் எனக்கு இந்தத் தாள்தான் பிடிக்கும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று செல்லைத் திறந்து பார்த்துவிடலாம்.

சூத்திரம் எளிது. அங்குலத்தில் துளை விட்டத்தின் வர்க்கத்திலிருந்து கேசிங் வெளிவிட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, 1029.4ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை பேரல் என்று கிடைக்கும். 12.25 அங்குலத் துளை, 9.625 அங்குலக் கேசிங் என்றால் 0.0558. அதே துளை அரித்து 13 அங்குலம் ஆகியிருந்தால் 0.0742. முக்கால் அங்குலத்துக்கே மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! அதனால் பிட் (துளையிடும் முனை) அளவைப் போட்டு ஏதோ ஒரு சதவீதத்தைத் தோராயமாகக் கூட்டுவதை விட்டுவிட்டு, கேலிப்பர் லாக்கை (துளையின் உண்மையான விட்டத்தை ஆழவாரியாக அளந்த பதிவை) பகுதி பகுதியாகப் பிரித்து வரிசைகளில் போடுகிறேன். இந்தத் தாளில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

மூட்டைக் கணக்கில் சிக்கல் இல்லை. ஜி கிளாஸ் (எண்ணெய்க் கிணற்றுக்கான ஒரு வகை) சிமென்ட், ஸ்லரி கேலனுக்கு 15.8 பவுண்டு, மூட்டைக்குக் கிடைப்பது 1.15 கன அடி ஸ்லரி. 300 பேரலுக்குச் சுமார் 1465 மூட்டை.

தாள் கைவிடும் இடம் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது கேசிங்குக்குள் இருக்கும் ஸ்லரியை மட் கொண்டு பின்னாலிருந்து தள்ளுவது. கேசிங் உள்விட்டம் 8.681 அங்குலம், ஃப்ளோட் காலர் (கேசிங்கின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள வால்வு) 10,000 அடியில் என்றால் 732 பேரல் தள்ள வேண்டும். பம்ப் எஃபிஷியன்சியை (பம்பின் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் உண்மையில் போகும் அளவின் விகிதத்தை) ஒரு சதவீதம் தப்பாக எடுத்தாலே 7 பேரல் மாறிவிடும். ஃப்ளோட் காலருக்கும் கேசிங்கின் அடிமுனைக்கும் இடையே உள்ள 80 அடி ஷூ டிராக்கின் மொத்தக் கொள்ளளவோ 6 பேரல்கூட இல்லை. ஸ்லரிக்குப் பின்னால் போகும் பிளக் (ரப்பர் அடைப்பு) ஃப்ளோட் காலரில் போய் உட்காராவிட்டால் ஷூ டிராக்கில் பாதிக்கு மேல் கூடுதலாகத் தள்ளக் கூடாது என்பது வழக்கம். அந்த 3 பேரலை ஸ்ட்ரோக் எண்ணிக்கையை மட்டும் நம்பி எப்படிப் பிடிப்பது? மட் டேங்க்கின் அளவையும் கூடவே எழுதியாக வேண்டும். ஆழத்தில் மட் கொஞ்சம் அமுங்குவதும் இந்தத் தாளுக்குத் தெரியாது.

அப்புறம், சாய்வுக் கிணறுகளில் கன அளவுக்குக் குழாய் வழியே அளந்த நீளம் வேண்டும், நீர்ம அழுத்தத்துக்குச் செங்குத்து ஆழம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் இருந்தால் அவசரத்தில் மாறிப்போகும். நான் இரண்டையும் தனித்தனி ஷீட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன்.